ஒரு வாசல், இரண்டு வழி

“வயரை ஒரு சென்டிமீட்டர் முன்னால தள்ளணுமாம்” என்றாள் எஸ்தர்.

வயர் வேம்புவின் கையில் இருந்தது. தள்ளச் சொன்னவள் டாக்டர் வஜீஹா. இருவருக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இல்லை. வேம்பு தும்மினால் வஜீஹாவின் தோள் நனையும். இருந்தும், டாக்டர் சொல்வதை நர்ஸ் எஸ்தர் வாங்கித் தன் வாயால் ஒரு முறை திருப்பிச் சொன்னால்தான் வேம்புவின் விரல்கள் அசைந்தன.

“தள்ளியாச்சுன்னு சொல்லு” என்றான் வேம்பு, எஸ்தரைப் பார்த்து.

“தள்ளியாச்சாம் மேடம்.”

“எனக்குக் காது கேக்குது எஸ்தர்.”

“அப்ப நான் எதுக்கு மேடம் நடுவுல?”

எக்ஸ்ரே மிஷின் மட்டும் ‘உம்’மென்று உறுமியது. அதுவும் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டது மாதிரி.

1999. தீபாவளிக்கு ஐந்து நாள். அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. விளக்கை அணைத்துவிட்ட அறையில் மூன்று பேரும் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி சுமந்தது போல நின்றார்கள். மேஜையில் குப்புறப் படுத்திருந்தாள் அந்தோணியம்மாள். ஐம்பத்திரண்டு வயது, பட்டினப்பாக்கம், மீன் வியாபாரம். ஊசி மருந்தில் அரைத் தூக்கம். வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம். அதன் வழியே விரல் தடிமனில் ஸ்கோப் என்னும் கறுப்புக் குழாய் ஒன்று உள்ளே இறங்கி, தொண்டையையும் இரைப்பையையும் தாண்டி, சிறுகுடலின் முதல் வளைவில் போய் நின்றிருந்தது.

மற்ற ஸ்கோப்புகள் நேர் முன்னால் பார்க்கும். இதன் கண் பக்கவாட்டில் இருக்கும், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுப் பிடித்தவன் மாதிரி. அப்படிப் பார்த்தால்தான் குடல் சுவரில் சின்னதாக ஒரு மொட்டு தெரியும். மொட்டின் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துவாரம். கல்லீரலிலிருந்து வரும் பித்தக் குழாயும் கணையத்திலிருந்து வரும் குழாயும் கடைசியில் ஒன்றுசேர்ந்து அந்தத் துவாரத்தில்தான் திறக்கின்றன. வாசல் ஒன்று, உள்ளே வழி இரண்டு. மேலே திரும்பினால் கல்லீரல். நேரே போனால் கணையம். இன்றைக்குப் போகவேண்டியது மேலே. அங்கேதான் பட்டாணி அளவில் ஒரு கல், பித்தத்தை மறித்துக்கொண்டு, அந்தோணியம்மாளின் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கணையம் பொல்லாத கோபக்காரன். ஆள் தெரியாமல் நாலு தடவை கதவைத் தட்டிவிட்டால் வீங்கிவிடும். வீங்கினால், வந்த வியாதியைவிடப் பார்த்த வைத்தியம் பெரிய வியாதி.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். டாக்டர் ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் ஒரு மெல்லிய குழலை விட்டு, மொட்டின் வாயில் நுனியை வைத்துத் திசை காட்டுவார். அந்தக் குழலுக்குள் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த வயர் ஒன்று ஓடும். நாலரை மீட்டர் நீளம், வழவழப்பான நுனி. அதைத் தள்ளுவதும் நிறுத்துவதும் பின்னுக்கு இழுப்பதும் உதவியாளரின் விரல்கள். ஒருவர் கண், ஒருவர் கை. ஒன்பது வருஷமாக வஜீஹாவின் கண்ணுக்கு வேம்புதான் கை. ‘தள்ளு’ என்று அவள் சொல்வதற்கு, ‘த’வுக்கு நாக்கை மடிக்கும்போதே வயர் நகர்ந்திருக்கும்.

அதெல்லாம் பதின்மூன்று நாளைக்கு முன்னால்.

ஆயுத பூஜைக்கு ஆஸ்பத்திரி முழுக்க வேம்புதான் பூசாரி. மேற்கு மாம்பலத்திலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, ஸ்டெரிலைசர், டிராலி, டி.வி., ஸ்ட்ரெச்சர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பான். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் வருஷா வருஷம் டாக்டர் வஜீஹாவின் உபயம்; ராயப்பேட்டையிலிருந்து வருகிறபோதே கார் டிக்கியில் மூட்டையாக வந்துவிடும். இந்த வருஷமும் வந்தது. இந்த வருஷம் வேம்புவுக்குப் பக்தி ஒரு பிடி கூடுதலாகப் போய்விட்டது. பக்கவாட்டில் பார்க்கும் ஸ்கோப்பைக் கையில் எடுத்தான். பொட்டு எங்கே வைப்பது? கைப்பிடியிலா? கைப்பிடி முதுகு மாதிரி. முகம் எங்கே இருக்கிறது? கண் எங்கே இருக்கிறதோ அங்கே. அப்படியானால் நெற்றி? கண்ணுக்குச் சற்று மேலே. வைத்தான், குழைத்த சந்தனத்தில் ஒரு பெரிய பொட்டு.

கண்ணுக்குச் சற்று மேலே இருந்தது வயரைத் தூக்கிக் கொடுக்கும் குட்டி நெம்புகோல். மறுநாள் விஜயதசமி விடுமுறை. அதற்கு மறுநாள் வஜீஹா ஸ்கோப்பைச் சோதித்துப் பார்த்தபோது சந்தனம் காய்ந்து சிமென்டாகியிருந்தது. நெம்புகோல் அசையவில்லை. கம்பெனி மெக்கானிக் வந்து இரண்டு நாள் சுரண்டினான்.

“இது ஸ்கோப்பா, இல்ல உங்க வீட்டு அம்மியா வேம்பு?” என்று வஜீஹா கத்தினாள். கத்தியது தனியறையில் இல்லை. புறநோயாளிகள் நடைபாதையில், டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினோரு பேர் முன்னால். அந்தப் பதினோரு பேரில் வேம்புவின் மச்சினனும் ஒருவன்.

அன்றைக்கு மூடிய வாய் இரண்டும் இன்னும் திறக்கவில்லை. வேம்புவுக்குத் தப்பு தன்னுடையது என்பதில் சந்தேகமே இல்லை. அதைச் சொல்லத்தான் முதல் நாள் அவள் அறைவரை போனான். ‘ஆனா, அம்மின்னு சொல்லலாமோ?’ என்று கதவருகே நெஞ்சு கேட்டது. திரும்பி வந்துவிட்டான். வஜீஹாவும் இரண்டு முறை கூப்பிட நினைத்தாள். ‘சந்தனம் வெச்சவர் ஒரு வார்த்தை வந்து சொல்லட்டுமே’ என்று அவள் நெஞ்சும் கேட்டது. இரண்டு நெஞ்சும் கேட்ட கேள்விகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் எஸ்தர். சாந்தோமிலிருந்து வரும் இருபத்தைந்து வயசுப் பெண். “எங்க சித்தி வீட்டு இரட்டைப் பசங்க ரெண்டாங்கிளாஸ். அதுங்ககூட டூ விட்டா ரெண்டு நாளுக்கு மேல தாங்காது” என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தோணியம்மாள் வந்தது போன சனிக்கிழமை. நாற்காலியில் உட்காரவில்லை. மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக் காட்டினாள்.

“இன்னா டாக்டரம்மா இது, ஓலப் பட்டாசு கலரு. கீழாநெல்லி அரைச்சி அரைச்சி மோருல குட்ச்சி ஆடு மாரி ஆயிட்டேன். கையில சுண்ணாம்பு தேச்சிக் கழுவினா தண்ணி மஞ்சளா எறங்கும்னாங்கோ. எறங்கிச்சி. கண்ணுலதான் எறங்கல.”

வஜீஹா ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் கல்லைக் காட்டினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பித்தப்பையை எடுத்த தழும்பு ஏற்கெனவே வயிற்றில் இருந்தது. பை போய்விட்டது, பையிலிருந்து தப்பிய ஒரு கல் குழாயில் குடியேறிவிட்டது.

“மறுபடி கிழிச்சா எத்தினி நாளு?”

“ஆஸ்பத்திரில பத்து நாள். அப்புறம் மூணு மாசம் கூடை தூக்கக் கூடாது.”

“அப்ப எடம் பூட்ச்சி” என்றாள் அந்தோணியம்மாள். முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மந்தைவெளியில் ஒரு சந்து. காலையில் பத்துப் பெண்கள் வரிசையாகப் பலகை போட்டு மீன் விற்கிறார்கள். அந்தோணியம்மாளின் இடம் முதல் இடம். மேலே தகரக் கூரை, பக்கத்தில் குழாய், சந்துக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அவள் வஞ்சிரம்தான். இருபத்திரண்டு வருஷ இடம். அதற்குப் பட்டாவும் கிடையாது, ரசீதும் கிடையாது. சந்துக்கென்று ஒரு சட்டம் மட்டும் உண்டு. பிள்ளை பெற்றால் நாற்பது நாள் காத்திருப்பார்கள். சாவு விழுந்தாலும் நாற்பது நாள். உடம்பு சரியில்லை என்பதை மட்டும் சந்து நம்பாது; அதற்கு எட்டுக் காலைகள். ஒன்பதாம் காலை வரிசை ஒரு இடம் முன்னால் நகரும். திரும்பி வந்தவள் கடைசியில் போய், குப்பைத் தொட்டி பக்கத்தில் உட்காரவேண்டியதுதான். இந்தச் சட்டத்தைப் போட்டதே அந்தோணியம்மாள்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தியை நகர்த்துவதற்காக.

“வெள்ளிக்கெழமலேர்ந்து போவல. இன்னியோட ரெண்டு காலை. ரெண்டாவது எடத்து லூர்து இப்பவே கூடைய அரை ஜாண் தள்ளிப் போட்டுக்கினு கீறாளாம்.”

“வாய் வழியா முயற்சி பண்றேன். வழி கிடைச்சா மூணு நாள்ல வீட்டுக்குப் போகலாம்.”

“கெடைக்காங்காட்டி?”

“மேல் மாடியில மாணிக்கவாசகம் சார் இருக்கார். பெரிய சர்ஜன். நல்ல கை.”

“நல்லவராத்தான் இருப்பாரு” என்றாள் அந்தோணியம்மாள், யோசித்து. “வேணாம்.”

இப்போது ஐந்தாவது காலை. அந்த ‘வேணாம்’ வஜீஹாவின் காதுக்குள் இன்னும் இருந்தது.

முதல் முயற்சி கணையத்துக்குள் போனது. எக்ஸ்ரே திரையில் வயர் முதுகெலும்பைக் குறுக்கே தாண்டி ஓடியதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எடுத்தார்கள். இரண்டாவதும் கணையம். அந்தோணியம்மாளின் மொட்டு சாதாரண இடத்தில் இல்லை. குடல் சுவரில் ஒரு சின்னப் பள்ளம், அதன் விளிம்பில், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே பிடிபடவில்லை. மூன்றாவது தடவை வஜீஹா “நிறுத்து” என்றாள். அது எஸ்தர் வாயைச் சுற்றி வேம்புவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வயர் வழுக்கிப் பள்ளத்துக்குள் சுருண்டது. முன்பானால் நேர்ந்திருக்காது. அரை நொடி. அந்த அரை நொடியை மூன்று பேருமே கவனித்தார்கள்.

நான்காவது, கணையம்.

மொட்டையே மின்கத்தியால் கீறித் திறந்துவிடுவது ஒரு உபாயம். பல பேருக்கு அவள் அதைச் செய்திருக்கிறாள். இங்கே பக்கத்தில் பள்ளம், சுவர் மெல்லிசு. கத்தி ஒரு நூல் தவறினால் குடலில் ஓட்டை. அது கிடையாது. ஐந்து தடவைக்கு மேல் முயற்சி பண்ணுவதில்லை என்பது வஜீஹா தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். எத்தனையோ டாக்டர்கள் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று நோயாளியைப் படுக்கையில் தள்ளியதைப் பார்த்தபிறகு போட்ட சட்டம்.

இன்டர்காம் அடித்தது. எஸ்தர் எடுத்து வஜீஹாவின் காதில் வைத்தாள்.

“என்னம்மா, தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லட்டா?” மாணிக்கவாசகத்தின் குரலில் வெண்கலப் பானையைத் தட்டுகிற உற்சாகம். “இல்ல, சாப்பிட்டுட்டு வரட்டா?”

“சாப்பிட்டுட்டு வாங்க சார். மெதுவா சாப்பிடுங்க.”

எஸ்தர் ரிசீவரை வைத்தாள். அந்தோணியம்மாள் தூக்கத்தில் முனகினாள். எஸ்தர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சும்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மீன் செதில் ஒன்று நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. ஐந்து நாளாக மீனைத் தொடாத கை. எத்தனை சோப்புப் போட்டும் அது போகவில்லை.

ஐந்தாவது முயற்சி. வஜீஹா மூச்சைப் பிடித்து, குழலின் நுனியை மேல்நோக்கி வளைத்தாள். எஸ்தர் மொழிபெயர்த்தாள். வேம்பு தள்ளினான். வயர் தடங்கலின்றி, சந்தோஷமாக உள்ளே போனது. வஜீஹா எக்ஸ்ரே பெடலை மிதித்தாள். திரை வெளிச்சமானது.

வயர் முதுகெலும்பைக் குறுக்கே தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

வஜீஹா தோளைத் தளர்த்தினாள். ஈயக் கவசத்தின் கனம் அப்போதுதான் தெரிந்தது.

“எடுத்துடச் சொல்லு எஸ்தர்.”

“எடுத்துடணுமாம் சார்.”

வேம்பு எடுக்கவில்லை.

“சார்? எடுத்துடணுமாம்.”

வேம்பு வயரை இரண்டு விரலில் பிடித்தபடியே திரும்பினான். எஸ்தரைப் பார்க்கவில்லை. பதின்மூன்று நாளில் முதல் தடவையாக வஜீஹாவின் முகத்தைப் பார்த்தான்.

“எடுக்க மாட்டேன் மேடம்.”

எஸ்தர் பழக்க தோஷத்தில், “எடுக்க மாட்டாராம் மேட…” என்று ஆரம்பித்து, சட்டென்று கையால் முகக்கவசத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அது அங்கயே இருக்கட்டும் மேடம்” என்றான் வேம்பு. வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. பதின்மூன்று நாள் பூட்டிய கடையின் கதவைத் திறந்தது போல. “போன மாசம் ஒரு பேப்பர் குடுத்து ஜெராக்ஸ் எடுத்துண்டு வரச் சொன்னேளே, ஃபாரின் பத்திரிகை, அதுல ரெண்டாவது பக்கம். மாம்பலம் ஸ்டேஷன்ல வண்டிக்கு நிக்கறச்சே படிச்சேன். எழுத்து பாதி புரியல. படம் புரிஞ்சுது. எங்க தெருவுல தண்ணி லாரி வரதோல்லியோ, குடத்தை வெச்சு ஒரு இடத்தை அடைச்சுட்டா அப்புறம் எவனும் அங்க வந்து நிக்க முடியாது, பக்கத்துலதான் நிக்கணும். அதான் இது. தப்பான வழியில போன வயர், தப்பான வழியை அடைச்சுண்டு கெடக்கட்டும். ரெண்டாவது வயரை அதுக்குப் பக்கத்துல, மேலாப்புல விட்டா, அதுக்கு வேற வழி கெடையாது மேடம். மேலதான் போயாகணும்.”

வஜீஹா திரையைப் பார்த்தாள்.

அந்தப் பேப்பரை அவள் மூன்று தடவை படித்திருந்தாள். மூன்றாவது முயற்சியில் வயர் சுருண்டபோதே அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வந்ததை அப்படியே விழுங்கியும்விட்டாள். ஏனென்றால், முதல் வயரை உள்ளேயே விட்டுவிட்டு அதன் மேலிருக்கும் குழலை மட்டும் உருவி எடுக்கவேண்டும். டாக்டர் குழலை எவ்வளவு இழுக்கிறாரோ, உதவியாளர் வயரை அதே அளவு, அதே நொடியில், எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும். ஒருவர் முந்தினால் வயர் வெளியே விழுந்துவிடும். பிந்தினால் உள்ளே குத்தும். மூன்றாவது ஆள் வாய்வழியாகச் செய்கிற காரியம் இல்லை அது. நேருக்கு நேர் பேசவேண்டும். பேசுவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, இந்தப் பெண்பிள்ளையின் கணையத்தை இரண்டு தடவை கூடுதலாகத் தட்டியிருக்கிறாள். இருட்டில் அவள் காது சுட்டது.

“வேம்பு.”

“மேடம்.”

“அம்மின்னு சொன்னது தப்பு. அதுவும் எல்லார் முன்னாடியும்.”

“அப்பறமா பேசிக்கலாம் மேடம்” என்றான் வேம்பு. “இப்ப இழுங்கோ.”

“இழுக்கிறேன்.”

“தள்றேன்.”

“இழுக்கிறேன்.”

“தள்றேன். கொஞ்சம் மெதுவா.”

“இழுக்கிறேன்… இழுக்கிறேன்…”

“தள்றேன்… தள்றேன்…”

திரையில் வயரின் நுனி இருந்த இடத்தில் இருந்தது. ஆணி அடித்தது போல. குழல் அதன் மேலிருந்து கழன்று, அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி, ஸ்கோப்பை விட்டே வெளியே வந்தது. எஸ்தர் வேலையற்றுப்போய், அந்தோணியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முகக்கவசத்துக்குள் அவள் பல் முப்பத்திரண்டும் தெரிந்திருக்கும்.

வேம்பு அலமாரியிலிருந்து இரண்டாவது வயரை எடுத்துக் குழலில் கோத்தான். முதல் வயருக்குப் பக்கத்திலேயே அது ஸ்கோப்புக்குள் இறங்கியது. டி.வி. திரையில் மொட்டு இப்போது வேறு மாதிரி இருந்தது. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே கிடந்த வயர் பிடித்து இழுத்ததில் நிமிர்ந்து, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வஜீஹா நெம்புகோலைத் தூக்கினாள். பொட்டு வாங்கிய அந்த நெம்புகோல் எண்ணெய் போட்டது போல எழும்பியது.

“கடிகாரத்துல பதினோரு மணி எங்க இருக்கோ அங்க வெக்கிறேன்.”

“வைங்கோ.”

“வெச்சாச்சு. லேசா…”

அவள் ‘தள்ளு’வுக்கு நாக்கை மடித்தாள். வயர் ஏற்கெனவே நகர்ந்திருந்தது.

“எப்படி இருக்கு?”

“தடங்கல் இல்ல மேடம்.” வேம்புவின் குரல் இறங்கிப்போயிருந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குவது போல. “வழுக்கிண்டு போறது. நான் தள்ளலை. அதுவாப் போறது.”

வஜீஹா பெடலை மிதித்தாள்.

முதல் வயர் குறுக்கே கிடந்தது. இரண்டாவது வயர் அதே வாசலில் புறப்பட்டு, அதே தடத்தில் ஒரு துளி தூரம் வந்து, பிறகு அதை விட்டு விலகி நேரே மேலே ஏறியது. விலாவைத் தாண்டி, இன்னும் மேலே, கல்லீரலை நோக்கி, தென்னையில் ஏறுகிறவனின் லாகவத்தோடு. வேம்பு குழலின் பின்முனையில் சிரிஞ்சைப் பொருத்திப் பின்னுக்கு இழுத்தான். முதலில் காற்று. பிறகு ஒரு குமிழி. பிறகு, கெட்டியாக, பச்சையும் மஞ்சளும் கலந்து, பழைய தேன் போலப் பித்தம் ஏறி வந்தது.

“யப்பா” என்றாள் எஸ்தர். “மேடம், எனக்கு அழுகை வருது. சிரிக்கவும் வருது.”

“எது முதல்ல வருதோ அதைச் செய். நாடியை மட்டும் விட்டுடாதே.”

அதற்கப்புறம் எல்லாம் தெரிந்த வேலை. வாசலை ஒரு சென்டிமீட்டர் வெட்டி அகலப்படுத்தினாள் வஜீஹா. குட்டி பலூனைக் கல்லுக்கு மேலே கொண்டுபோய் ஊதி, அப்படியே கீழே இழுத்தாள். கல் தயங்கியது. வாசலில் ஒரு தடவை முட்டியது. அப்புறம் ‘சரி, போகிறேன்’ என்பது போல உருண்டு குடலுக்குள் விழுந்தது. பின்னாலேயே பத்து நாளாகத் தேங்கிக் கிடந்த பித்தம் திரை முழுக்க மஞ்சளாகப் பீறிட்டது. “வந்துடுச்சு!” என்று வஜீஹா போட்ட கூச்சலில் மயக்கத்திலிருந்த அந்தோணியம்மாளே ஒரு தரம் தலையை ஆட்டினாள். வேம்பு பன்னிரண்டு கிலோ கவசத்தோடு இரண்டு தப்படி ஆடினான். அது ஆட்டம் என்று அவன் வீட்டில் யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எஸ்தர் இன்டர்காமில் மேல் மாடியைப் பிடித்துக் கொடுத்தாள்.

“சார், சாப்பாடு எதுவரைக்கும் வந்திருக்கு?”

“ரசத்துல இருக்கேன்மா. இதோ கையலம்பிட்டு…”

“மோரும் சாப்பிடுங்க சார். வேலை இல்லை.”

அந்தப் பக்கம் வெண்கலப் பானை பெரிதாகச் சிரித்தது.

சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. ஐந்து முறை தட்டிய கதவு. கணையம் கோபித்துக்கொண்டதா இல்லையா என்பது ஓரிரு நாளில்தான் தெரியும். அன்று மாலை வேம்பு ரயிலைத் தவறவிட்டு வார்டுக்கு வெளியே நின்றான். புதன்கிழமை காலை அந்தோணியம்மாளுக்கு வயிற்றில் ஒரு வலி வந்து, மூவரும் ஓடி, அது பசி என்று தெரிந்து திரும்பினார்கள். வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைத் தாளை வேம்புவே லேபிலிருந்து வாங்கிக்கொண்டு, படிக்கட்டிலேயே பிரித்துப் படித்துக்கொண்டு வந்தான்.

“நார்மல் மேடம்.”

“கவர்ல என் பேர் போட்டிருக்கே வேம்பு.”

“பிரிச்சது தப்புதான். சாயங்காலம் கத்துங்கோ. யாரும் இல்லாதப்போ.”

அந்தோணியம்மாளுக்கு ஒரே ஒரு குறை. “கல்லு எங்க?”

“குடல்ல விழுந்துடுச்சு. தானாப் போயிருக்கும்” என்றாள் எஸ்தர்.

“அய்யே! பாட்டில்ல போட்டுக் குட்த்திருந்தா லூர்து மூஞ்சிக்கு நேரா ஆட்டியிருப்பேன்ல?”

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தே முக்கால். ரவுண்டு வந்த வஜீஹா, பையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாளைப் பார்த்தாள். தலை வாரி, கோடாலி முடிச்சுப் போட்டு, போருக்குப் புறப்பட்ட தினுசு.

“இன்னி எட்டாவது காலை டாக்டரம்மா. கையெழுத்துப் போட்டாலும் போவேன், போடாங்காட்டியும் போவேன். போட்டுட்டா ஒனக்கு மரியாதி.”

“கூடை தூக்கக் கூடாது. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வீட்டுக்குப் போகணும்.”

“வெள்ளிக்கெழம எவன் மீன் வாங்கறான்? உக்காந்தாப் போதும்.”

வெளியே தூறல். ஆட்டோ ஒன்றும் அகப்படவில்லை. வஜீஹா தன் மாருதியின் கதவைத் திறந்துவிட்டாள். முன் சீட்டில் ஏற்கெனவே வேம்பு உட்கார்ந்திருந்தான், மடியில் குடை.

“நீங்க எங்க வேம்பு? அது மீன் மார்க்கெட்.”

“தெரியும் மேடம். வயரைத் தள்ளினது நானாக்கும்.”

கிரீன்வேஸ் சாலையைத் தாண்டி மந்தைவெளிக்குள் திரும்பியபோதே அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். பின் சீட்டிலிருந்து அந்தோணியம்மாள் அதைப் பார்த்தாள்.

“இன்னா ஐயரே, என் வவுத்துக்குள்ள பூந்து வந்தப்ப வராத நாத்தமா இப்ப வருது?”

வேம்பு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சந்து முனையில் இறங்கியபோது அவன் முகம் ஒரு மாதிரியாக வெளிறியிருந்தது. ஆனாலும் குடையை விரித்து அந்தோணியம்மாளின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டான். வஜீஹா நனைந்துகொண்டே பின்னால் வந்தாள்.

ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, லூர்துவின் கூடை முழுசாக வந்து குந்தியிருந்தது. அரை ஜாண் என்பதெல்லாம் பழைய கதை. அந்தோணியம்மாள் அதற்கு முன்னால் போய் நின்றாள். காரில் வந்தபோது அவள் ஒத்திகை பார்த்த வசவுகள் மொத்தமும் எங்கேயோ போய்விட்டன. சேலை முந்தானையை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வஜீஹாவுக்கு, கல் வாசலில் முட்டி நின்ற அந்த நொடி ஞாபகம் வந்தது.

லூர்து ஒல்லியான பெண். மீன் கழுவிய கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குடை பிடித்த ஆளைப் பார்த்தாள். நனைந்த டாக்டரைப் பார்த்தாள். பிறகு அந்தோணியம்மாளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்தாள்.

“வெள்ளையாத்தான் கீது” என்றாள். கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் வேறு ஏதோ. “எத்தினியாவது காலை?”

“எட்டு.”

“எட்டுதான்டீ!” என்று வரிசையைப் பார்த்துக் கத்தினாள் லூர்து. “நவுருங்கோ!”

சந்தின் அந்தக் கடைசியில், குப்பைத் தொட்டி பக்கத்திலிருந்த பெண் முதலில் தன் பலகையை இழுத்தாள். சிமென்ட் தரையில் மரம் கரகரத்தது. அடுத்தவள் நகர்ந்தாள். அதற்கடுத்தவள், பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரே ஒரு கிராக்கியைத் தராசோடு சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். வசவும் சிரிப்புமாக அந்தக் கரகரப்பு ஒவ்வொரு பலகையாக ஏறி, சந்து நெடுக இவர்களை நோக்கி வந்தது. கடைசியாக லூர்து குனிந்து தன் கூடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

சந்து முழுக்க ஈரம். கூடை இருந்த இடத்தில் மட்டும் தரை காய்ந்து, வெளிறி, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு வட்டமாகக் கிடந்தது.